ஊற்றுத் தண்ணீர்

மண் அணையின் அடியில் கசியும் தண்ணீரை, படகு ஏற வருகிறவர்கள் ஊற்று என்று நம்பிப் பாட்டிலில் பிடித்துப் போவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பாட்டிலை நீட்டினார்.

"என்னம்மா, ஊத்துல டீ வருது?"

படகுக் குத்தகைக்காரி பூங்கோதை அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அடியில் மண் படிந்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது. நேராகப் போய், ஏரித் தண்ணீரை வடிக்க மதகுச் சக்கரத்தைத் திருகினாள்.

"இன்னைக்குத்தான் கூட்டமே. நாளைக்குத் தொறப்போமே," என்றான் கணவன் தனபால்.

"கரைக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாய்யா? நீ போயி, கீழ இருக்கிற வீட்டுக்காரங்கள மேட்டுக்கு அனுப்பு."

மாலைக்குள் அன்னப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கீழிருந்து ஏறிவந்த தனபால், கசிவில் பிடித்த இன்னொரு பாட்டிலை நீட்டினான். ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுக்காமல், பூங்கோதை அதை மிச்சமிருந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.