குழிக்குக் காவல்

ஊரின் தானியம் முழுவதையும் ஒரே குழியில் கொட்டிவைக்கத் தொடங்கிய நாளிலிருந்து எயினிதான் அதற்குக் காவல். பசித்தால் ஒரு பிடி தினை அள்ளிக்கொள்ளலாம், அதுதான் கூலி. ஏழு அறுவடைக்குப் பிறகு முட்டி இரண்டும் வீங்கிப்போய், ஒரு மத்தியானம் அவள் பெரிய கல் ஒன்றை உருட்டிவந்து குழியோரம் நிறுத்தினாள். செம்மண்ணைக் குழைத்து அதற்கு இரண்டு கண் அப்பினாள். வந்தவர்களிடம், "இனிமே இது பாத்துக்கும். களவாண்டவன் வயிறு வீங்கிச் சாவான். எங்கிட்டச் சொல்லுச்சு" என்றாள். பிறகு மரத்தடியில் போய்ப் படுத்தாள். அப்படியொரு தூக்கம் அவள் தூங்கியதே இல்லை.

பத்து நாளாக ஒரு தினைகூடக் குறையவில்லை. பதினோராம் நாள் ஊர்த்தலைவன் பிட்டன் தேனும் பூவுமாக வந்து அவளை எழுப்பினான்.

"மழையில கண்ணு கரையுது. ஆடு வந்து நக்குது. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்."

"வேற யாரையாவது வையேன். எனக்கு முடியல."

"உங்கிட்டதான பேசுச்சு?"

எயினி எழுந்துபோய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. பசித்தது. வழக்கம்போலக் குழிக்குள் கைவிட்டவள், கல்லை ஒருமுறை பார்த்தாள். அள்ளிய தினையை அங்கேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.