நார்பெர்ட்டின் தொண்ணூற்று நாலு

"எவன்டா இந்த வேலையைப் பண்ணது?"

ஆர்லீன் பொதுவாகத்தான் கத்தினாள். ஆனால், கம்ப்யூட்டர் பிரிவின் அத்தனை தலைகளும் லைல் பக்கமே திரும்பின.

பின்னே? போன மாதம் மேலாளர் யூனிஸ் டம்ப்ரோஸ்கியின் குரலில் போன் பண்ணி, மொத்தப் பிரிவையும் மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டுக்கு அனுப்பிய மகான் அவன். "இன்னொரு விளையாட்டு... உன் வேலை போச்சு," என்று மறுநாள் யூனிஸ் மூக்கால் சொன்னார். அதையும் அவன் மூக்காலேயே நடித்துக் காட்டினான் என்பது வேறு விஷயம்.

இன்று குடும்ப நாள். மில்வாக்கி அலுவலகம் பூராவும் பெண்டாட்டி பிள்ளைகள், பொரித்த மீன் வாசனை. சாப்பாட்டு அறைச் சுவரில், ஆபீஸ் பந்துருட்டு, அதாவது பௌலிங், போட்டியின் முடிவு. எப்போதும் ஒரே தாளில் அடங்குவது, இன்று கிட்டத்தட்ட தாளுக்கு ஒரு பெயராகப் பன்னிரண்டு தாளில் தோரணம் மாதிரித் தொங்கியது.

எண்களிலும் கோளாறு. 189 எடுத்த ஆர்லீனுக்கு வெறும் 89. 172 எடுத்த லைலுக்கு 72. எப்போதும் கடைசியாக வரும், கம்ப்யூட்டர் டேப் அறையில் வேலை பார்க்கும் நார்பெர்ட்டுக்கு மட்டும் அவர் எடுத்த 94 அப்படியே!

"முதல் கட்டத்துல போய் எண்ணைப் போட்டிருக்கான்!" ஆர்லீன் பல்லைக் கடித்தாள்.

பிரிவின் பாலபாடம் அது. ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து பிரின்டருக்கான உத்தரவு. பிரின்டர் அதைப் படித்துவிட்டு விழுங்கிவிடும், தாளில் அடிக்காது. 1 என்றால் புதுப் பக்கம் தள்ளும். 0 என்றால் ஒரு வரி இடம் விடும். அதனால்தான் "முதல் கட்டத்தைக் காலியா விடு" என்று யூனிஸ் காலை வணக்கத்துக்குப் பதிலாகவே சொல்லிக்கொண்டிருப்பார். விடாவிட்டால்? 189-இன் தலை போகும், ஆளுக்கொரு புதுத் தாள் வரும். மூன்று இலக்கத்துக்காக 094 என்று போட்ட நார்பெர்ட்டின் எண்ணில் போனது வெறும் பூஜ்யம்; புதுத் தாள் வராமல், அவர் பெயர் கடைசித் தாளின் அடியிலேயே விழுந்தது.

"லைல், ஓடிப்போய் ஒழுங்கா அடிச்சிட்டு வா. நான் இதையெல்லாம் கிழிக்கிறேன்."

ஆர்லீன் தாளில் கை வைத்ததுதான் தாமதம்.

"அப்பா! நீதாம்ப்பா ஃபர்ஸ்ட்டு!"

எட்டு வயது ட்ரூடி, நார்பெர்ட்டின் மகள். ஒவ்வொரு தாளாக விரல் வைத்துப் படித்திருக்கிறாள். "எல்லாரும் எண்பது, எழுபது... நீ மட்டும் தொண்ணூத்தி நாலு! ஏம்ப்பா என்கிட்ட சொல்லவே இல்ல?"

நார்பெர்ட் காது வரை சிவந்தார். "அது... கண்ணு, அது வந்து..."

"பாப்பா, அது தப்பா..." என்று ஆரம்பித்த ஆர்லீனின் காலை லைல் நன்றாக மிதித்தான்.

டக், டக், டக். குதிகால் செருப்புச் சத்தம். யூனிஸ்.

"என்ன கூட்டம்?"

"மேடம், லிஸ்ட்டைப் பாருங்க! யார் பண்ணதுன்னு இப்பவே விசாரிங்க!" என்றாள் ஆர்லீன்.

விசாரித்தால் எல்லாம் வெளியே வரும், அதுவும் இந்தக் குழந்தை முன்னால். ட்ரூடி அப்பாவின் கையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள்.

லைல் முன்னால் வந்தான். "நான்தான் மேடம். திங்கக்கிழமை என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க. இன்னைக்கு மட்டும் இது இருக்கட்டும்."

இந்த ஆபீஸுக்கு வந்ததிலிருந்து அவன் தன் சொந்தக் குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா?"

"ஆமா மேடம்."

"நிச்சயமா?"

"சத்தியமா மேடம்."

யூனிஸுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு ஆர்லீனைப் பார்த்தார். "பன்னெண்டு தாள் வீணானது போதும். திருப்பி அடிக்க ஒரு தாள்கூட தர மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது."

"கஞ்சம்! மகா கஞ்சம்!" என்று ஆர்லீன் முணுமுணுத்தாள்.

"வா ட்ரூடி, மீன் ஆறிடும்," என்று யூனிஸ் நடந்தார்.

எல்லோரும் போன பிறகு, லைல் நேராக பிரின்டர் அறைக்குப் போனான். யாருக்காகத் தன் வேலையைப் பலி கொடுத்தோம் என்றாவது தெரிய வேண்டாமா? எந்தப் பட்டியல் அடித்தாலும், அடிக்கச் சொன்னவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு ஒரு முகப்புத் தாள் முதலில் வரும்.

குப்பைக் கூடையைக் கிளறினான். நாலாய் மடித்து, அடியில் திணித்து வைத்திருந்தது.

பிரித்தான்.

உள்ளங்கை அகல எழுத்தில், தாள் முழுக்க: யூனிஸ் டம்ப்ரோஸ்கி.