புது ஆயில்

மினி டிராக்டரின் கறுத்துப்போன கியர் ஆயிலை வடித்துவிட்டு மெக்கானிக் நவநீதன் கேட்டான்.

"சாதா ஆயிலே ஊத்திடட்டுமாக்கா?"

"வேணாம் தம்பி. பிரேக்கும் கியர் ஆயில்லதானே முங்கிக் கிடக்கு, சாதாவ ஊத்தினா கத்தும்னு அவரு சொல்லுவாரு. நல்லதாவே ஊத்துங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "போறப்ப எங்க வாசல்ல ஒரு தரம் நிறுத்தி எடுங்க."

பக்கவாதத்தில் படுத்திருந்த அவள் கணவர் ராஜ்மோகன், வாசலில் வண்டி நின்று கிளம்பியதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"பிரேக் கத்தல. கியரும் நல்லா விழுது. குறுவைக்குள்ள எந்திரிச்சிடுவேன் மங்கை. நானே உழுதுடுறேன்."

"சரிங்க."

வண்டிச் சத்தம் தேய்ந்தது. அவருடைய வைத்தியத்துக்காக நேற்று அவள் விற்றுவிட்ட வண்டியை, வாங்கியவரிடம் ஒப்படைக்க நவநீதன் போலகம் ஊருக்கு ஓட்டிப் போய்க்கொண்டிருந்தான்.