கலர் பிடிக்கலை

ஷோரூமில் அந்த ஸ்போர்ட்ஸ் காரை விற்பனையாளர் உறுமவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்" என்றார் கணவர்.

"என்னங்க! கல்யாணத்துக்கு முன்னாடியே இதுக்காகத் தவம் கிடந்தீங்களே?" என்றாள் மனைவி.

"கலர் பிடிக்கலை."

வெளியே வந்ததும் அவர் விறுவிறுவென முன்னால் நடந்தார்.

"நிஜத்தைச் சொல்லுங்க!"

பின்னாலிருந்து எத்தனை தடவை கேட்டும் பதில் இல்லை. எரிச்சலோடு அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அந்த இன்ஜின் சத்தத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். மத்தவங்க திரும்பின அப்புறம்தான் ஸ்டார்ட் ஆனதே தெரிஞ்சுது. காது சுத்தமா போயிடுச்சும்மா. கொஞ்ச நாளா உன் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்றேன்."

"ஏங்க எங்கிட்ட மறைச்சீங்க?" என்றவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் அவள் கைகளை மெல்ல விலக்கினார்.

"முகத்தை மூடாதே. நீ என்ன சொல்றேன்னு தெரியாம போயிடும்."