வேலி தின்ற நிலம்

பாவாயியின் நிலத்தில் நாலடியைக் காணோம். பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்துதான் வேலியை நகர்த்தி விழுங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். தன் நாலடியை அவள்தான் விழுங்கினாள் என்று அவரும் சொல்லித் திரிந்தார். அளக்க வந்த சர்வேயர் வேலியின் அகலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ரெண்டு பேர் நிலத்தையும் இதுதானுங்க தின்னிருக்குது."

அப்போதுதான் பாவாயிக்கு உறைத்தது. நாச்சிமுத்து உள்ளே வந்துவிடக்கூடாதென்று வருஷா வருஷம் பழைய முள்ளின்மேல் தன் பக்கமாகவே புது முள்ளை அடைத்து வந்தாள். அவரும் அவர் பக்கம் அதையேதான் செய்திருக்கிறார்.

இருவரும் அரிவாளோடு எதிரெதிரே நின்று வேலியை வெட்டிக்கொண்டு வந்தார்கள். பாவாயி ஒரு சண்டையில் வீசிய அகப்பை கிடைத்தது. அவள் குழம்பு வைத்துவிட்டதாக நாச்சிமுத்து போன மாதம் சாபம் விட்ட கோழி, குஞ்சுகளோடு வெளியே ஓடியது. கடைசி முள்ளை இழுத்தால், நட்ட நடுவில் ஒரு சீத்தாமரம், யார் கண்ணிலும் படாமல் பழுத்துத் தொங்கியது.

"இது யாரு மரம் புள்ள?" என்றார். பல வருஷம் கழித்து அவளிடம் சண்டையில்லாமல் பேசிய முதல் பேச்சு.

"மொதல்ல தின்னுங்க மாமா. சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம்."

தின்றார்கள். யார் கொட்டையைத் தூரமாகத் துப்புவதென்று பந்தயம் வேறு வந்துவிட்டது. பாவாயி துப்பியதெல்லாம் அவர் நிலத்துக்குள் போய் விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, நாச்சிமுத்து இன்னும் பின்னால் நகர்ந்து இடம் விட்டார்.