அடுக்கில் ஐந்தாவது

அனுப்பிய பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அதுவும் புத்தகங்களைப் பார்ப்பதற்கில்லை. பின்னாலிருந்த ரோஜாத் தொட்டி நன்றாக விழுந்திருக்கிறதா என்று.

தொட்டி நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதற்கு முன்னால், அடுக்கில் ஐந்தாவதாக, பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம். அதன் முதுகில் சிவப்பு மையில் 147.

எண்ணை மட்டும் இன்னும் பெரிதாக்கினாள்.

நாகர்கோவிலில் வீட்டுப் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டு எண் எழுதி வைக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். சிதம்பரதாணு அண்ணன். அவளுடைய வாசகர் வட்டத்தில் மூத்தவர்.

வட்டத்தில் மொத்தம் பதினோரு பேர். ஜனவரி ஒன்றாம் தேதி காலையில், அந்த வருடம் வாசிக்கப்போகிற புத்தகங்களின் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும். கூடவே அடுக்கிவைத்து ஒரு படம். படம் கட்டாயம். வெறும் பட்டியல் என்றால் ஆளாளுக்கு அளந்துவிடுகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த 147-ஐ இரவல் வாங்கியவர் எட்வின்ராஜ் அண்ணன். கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டேன் என்றார். தாணு அண்ணன் கைக்கு அது வரவே இல்லை. வைத்தேன் என்றார் அவர், வைக்கவில்லை என்றார் இவர். நாற்பது வருடச் சிநேகம் அன்றோடு போயிற்று. இப்போதும் கூட்டத்தில் இருவருக்கும் நடுவே இரண்டு நாற்காலி காலியாகக் கிடக்கும். பழம்பொரித் தட்டுகூடச் சுற்றிவளைத்துத்தான் போகும்.

மேசையிலிருந்து அள்ளியவள் இவள்.

தன் புத்தகங்களோடு சேர்த்து அள்ளியிருக்கிறாள். வீட்டில் யாரோ பழுப்பு அட்டையைப் பார்த்துவிட்டு மகளின் பாடப்புத்தகங்களோடு சேர்த்துவிட்டார்கள். நேற்று பழைய பேப்பருக்குப் போட ஒதுக்கும்போது கிடைத்தது. முதல் பக்கத்தை மட்டும் புரட்டி, அட, இதை எப்போது வாங்கினேன் என்று சந்தோஷப்பட்டு அடுக்கில் செருகியிருந்தாள்.

அதையாவது மறதி என்று சொல்லலாம். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் எட்வின் அண்ணனிடம், "வாங்கினா திருப்பிக் குடுக்கணும்லா அண்ணே" என்று சொன்னவளும் இவள்தான்.

வெட்கம் காதுவரை ஏறியது.

அழித்துவிடலாம். ஒரே ஒரு தட்டு. அப்புறம் வேறு படம், மீதி ஏழு புத்தகம், அதே தொட்டி.

இதுவரை பார்த்தவர்கள் நான்கு பேர். அண்ணன்கள் இருவரும் அதில் இல்லை. எட்வின் அண்ணன் புத்தாண்டு ஆராதனை முடிந்து இன்னும் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்.

கட்டைவிரல் அந்த இடத்துக்கு மேலேயே நின்றது.

அழித்தால் அவள் தப்பித்துவிடுவாள். எட்வின் அண்ணன் இந்த வருடமும் களவாணியாகவே உட்கார்ந்திருப்பார்.

விரலை எடுத்தாள். படத்துக்குக் கீழே தட்டச்சு செய்தாள்.

"அஞ்சாவது புத்தகம் தாணு அண்ணனுக்கது. மூணு வருசமா எங்க வீட்ல கெடந்திருக்கு. எட்வின் அண்ணன் அன்னைக்கே மேசையில வச்சாச்சு. எடுத்தது நான்தான்."

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சமையலறைக்குப் போய் இட்லி ஊற்றினாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள் என்பது இரண்டாவது ஈடு வேகும்போதுதான் நினைவுக்கு வந்தது.

பத்தரை மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

எட்வின் அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் தாணு அண்ணன், ஒரு கை முன்னவர் தோளில்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாங்கினா திருப்பிக் குடுக்கணும்லா பிள்ளே" என்றார் எட்வின் அண்ணன். சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார்.

தாணு அண்ணன் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைத் திறந்தார். உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வாங்கியவர் பெயர், வாங்கிய தேதி, திருப்பிய தேதி. கடைசி வரியில் எட்வின்ராஜ் பெயர். திருப்பிய தேதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இன்னைக்கு ஒண்ணாந்தேதி அண்ணே" என்று எடுத்துக்கொடுத்தாள்.

அவர் எழுதவில்லை. சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

"நீ மேசையில வச்ச அன்னைக்கு என்ன தேதி டே?"

"மார்ச் பதினாறு" என்றார் எட்வின் அண்ணன். யோசிக்கவே இல்லை.