சாய்ந்த ஆலா

முட்டைகளைத் தின்ற எலிகளை ஒழித்த பிறகும் அந்தத் தீவுக்கு ஆலாப் பறவைகள் திரும்பவில்லை. தங்கள் இனக் கூட்டத்தைக் கண்டால்தான் அவை இறங்கும் என்பதால், ஜெசிந்தா மரத்தில் ஆலா பொம்மைகள் செய்து மணலில் நட்டிருந்தாள். காற்று சாய்த்ததைக் காலையில் போய் நிமிர்த்துவது மட்டும்தான் சில வருடங்களாக நடந்த ஆராய்ச்சி. இன்றும் சாய்ந்து கிடந்த ஒன்றின் மேல் பார்க்காமலே கையை வைத்தாள். முதுகு சூடாக இருந்தது. வெடுக்கென்று கொத்தியது. அடியில் ஒரு முட்டை. ஓசைப்படாமல் பின்வாங்கிப் படகுக்கு வந்தாள்.

"கையில ரத்தம் வருதே, என்னாச்சும்மா?" என்றார் படகோட்டி ரெமிஜியுஸ்.

"பொம்மை கொத்திருச்சுண்ணே."

அவர் ஒன்றும் புரியாமல் கரையைப் பார்த்தார். "அங்க இன்னொண்ணு சாஞ்சு கெடக்கு. நிமித்தலையா?"

"கெடக்கட்டும்ண்ணே," என்றாள். "எது மரம்னு இப்ப எனக்கே தெரியல."